ஐந்தாவது தண்ணீர்

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்த மூன்று பேருக்கும்,

போன கிழமை வெள்ளவத்தைக்கு என் வீடு தேடி வந்தீர்கள். வைத்த முறுக்கில் ஆளுக்கொன்றை மரியாதைக்குக் கடித்துவிட்டு, "மிஸ், நீங்கள் வேலை செய்த காலத்தைப் பற்றி எங்களுக்கு ஏதும் எழுதித் தாங்கோ" என்று கேட்டீர்கள். நான் உடனே சம்மதிக்கவில்லை. ஓய்வு பெற்றவர்களிடம் எழுதச் சொல்லிக் கேட்பது ஆபத்தான காரியம். தொடங்கினால் நிறுத்த மாட்டோம். ஆனால் நேற்று ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதன் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த அழைப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். உங்களிடம் ஒரு சின்ன உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது.

எத்தனை பாகை வெப்பம், எத்தனை மணித்தியாலம், எவ்வளவு கோஸ்டிக் சோடா என்பதெல்லாம் நீல அட்டைப் புத்தகத்தில் இருக்கின்றன. அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவள் நான். அதை மீறியவளும் நான். இந்தக் கடிதம் மீறியதைப் பற்றியது.

காலையில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் நிற்கிற கூட்டமெல்லாம் கோட்டைப் பக்கம் போகும். நான் எதிர்ப்பக்கம், இரத்மலானையில் உள்ள நம் ஆய்வுகூடத்துக்குப் போகிறவள். அதனால் எனக்கு எப்போதும் ரயிலில் இருக்க இடம் கிடைத்தது. இந்த வேலையில் கிடைத்த ஒரே சலுகை அதுதான் என்று நான் சொல்வதுண்டு. என் சொந்தக்காரர்களுக்கு நான் என்ன செய்கிறேன் என்பது கடைசிவரை விளங்கவில்லை. கலியாண வீடுகளில் என் மச்சாள் என்னை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்வது, "இவ தும்பு அவிக்கிற இடத்தில பெரிய ஆள்" என்றுதான். திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். யோசித்தால் அது பொய்யும் இல்லை. தேங்காய் மட்டையில் கயிற்றுக்கான நாரை எடுத்த பிறகு மிஞ்சும் தும்புத் தூளை நாம் அவிக்கத்தானே செய்கிறோம்.

அவித்தால் கறுப்புச் சாறு வரும். மரத்திலும் மட்டையிலும் நாரோடு நாரை இறுக்கிப் பிடித்து நிற்கிற லிக்னின் அந்தச் சாற்றில்தான் கரைந்திருக்கிறது. மரத்தை மரமாக நிறுத்தி வைத்திருந்த பொருளைக் கழிவென்று ஊற்றிவிடாமல் பிரித்தெடுத்து, தூளாக்கி, பலகை ஒட்டும் பசையாக்கினால், பசைக்கென்று கப்பலில் வருகிற பினோல் என்கிற இரசாயனத்தில் பாதியைக் குறைக்கலாம். இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். செய்து முடிக்க எங்கள் தலைமயிர் நரைத்தது.

ஆரம்பத்தில் நான் விட்ட பிழைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒருமுறை கறுப்புச் சாற்றில் அமிலத்தை அவசரமாக ஊற்றினேன். நுரை பொங்கிப் பீப்பாயை விட்டு வழிந்தது, புதுச் செருப்போடு நான் அதற்கு நடுவில் நின்றேன். தூளாக இறங்க வேண்டியது கிண்டிய தொதல் இனிப்பு மாதிரி இறுகி வடிதுணியை அடைத்துக்கொண்டது. அப்படிப்பட்ட பிழைகளுக்கு நான் பயப்படுவதில்லை. உடனே கண்ணுக்குத் தெரியும், செருப்பிலும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பிழை வேறு விதமானது.

அமிலம் ஊற்றிப் பிரித்த லிக்னின் வடிதுணியில் சேறு போலத் தங்கும். அதில் அமிலமும் உப்பும் ஊறியிருக்கும். நல்ல தண்ணீரில் கலக்கி வடித்து, மறுபடி கலக்கி வடித்து, ஐந்து தடவை கழுவ வேண்டும், சோற்றுக்கு அரிசி களைவது போல. நீங்களும் அதை "அஞ்சு தண்ணி" என்றுதான் சொல்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெயரை வைத்தவள், இன்றும் உங்களோடு நிற்கிற நிலந்திதான். அப்போது எனக்கு உதவியாளராக இருந்த சிங்களப் பெண். என்னிடமிருந்துதான் தமிழ் பழகினாள், ஆகவே என்னுடைய கெட்ட பழக்கங்களும் அவளுடைய தமிழில் இருந்தன. நிலந்தியிடம் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் இருந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கரண்டி தூளை அதிலிட்டு மின்உலையில் எரிப்பாள். லிக்னின் எரிந்து போய்விடும், உப்பு எரியாது; அந்த உப்பு பசையில் தங்கினால் ஈரத்தை இழுத்து ஒட்டை விடவைக்கும். நன்றாகக் கழுவிய தூளாக இருந்தால் கிண்ணத்தின் அடியில் ஒரு மங்கல் கறை மட்டும் மிஞ்சும். கழுவியது போதும் என்று அந்தக் கிண்ணம் சொன்னால்தான் தூள் வெளியே போகலாம். இதுதான் எங்கள் சட்டம்.

மர்சூக் நானா எங்களிடம் வந்தது இறக்குமதி நின்றுபோன காலத்தில். எரிவாயுவுக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை, பகலிலும் மின்வெட்டு, உங்களுக்கும் நினைவிருக்கும். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் அவருக்குப் பலகைப் பட்டறை இருந்தது. மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்று பசை பூசி அடுக்கி, சூடான இரும்புப் பிரஸ்ஸில் அமுக்கிப் பலகையாக்குவார்கள். பிரஸ் அவருடைய தகப்பனார் வாங்கியது. வேலைக்கு ஆறு பேர். அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"மிஸ், கப்பல்ல வார பசை இனி இல்லையாம். எனக்கிட்ட பத்து நாளைக்கித்தான் ஈக்கி. நீங்க மட்டையில பசை செய்றீங்க எண்டு கேள்விப்பட்டு வந்த. உண்மைய செல்லுங்க, ஒட்டுமா?"

"ஒட்டும் நானா. ஆனா சோதிச்சுப் பாத்துத்தான் தருவன்."

"சோதிக்க எத்தின நாள்?"

"கொதிதண்ணியில மூண்டு நாள் அவிய வேணும். அதுக்குப் பிறகும் பலகை விடாட்டித்தான் அது நல்ல பசை."

அப்போதுதான் அவர் சிரித்தார். "மூணு நாள் அவிச்சா நானே கழண்டு போவேன் மிஸ்."

ஆய்வுகூடத்தில் மிஞ்சியிருந்த கடைசி எரிவாயுவை அவருடைய மாதிரித் துண்டுக்காகவே செலவழித்தோம். மூன்று நாள் ஒரு சோற்றுப் பானையில் அந்தத் துண்டு கொதித்தது. நானா வந்து தன் கையாலேயே உளியைச் செருகி நெம்பினார். மரம் பிய்ந்தது, ஒட்டு விடவில்லை. அந்த ஈரத் துண்டைக் கைலேஞ்சியில் சுற்றி, வீட்டில் காட்ட வேண்டும் என்று கொண்டு போனார். எனக்கு அன்று முழுக்க வாய் மூடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதை நம்பித்தான் அவர் ஒரு ஓடர் எடுத்தார். கொம்பனித்தெருவில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு மாடிக் கட்டடத்துக்குக் குசினி அலுமாரிப் பலகைகள். குழாய்க்குக் கீழே, தண்ணீர் சொட்டுகிற இடத்தில் இருக்கப் போகிறவை. பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் ஏற்கெனவே பட்டறைக்கு வந்து நாடா பிடித்துப் பிரஸ்ஸை அளந்துவிட்டுப் போயிருந்தார். இந்த ஓடர் நடந்தால் பிரஸ் இருக்கும், ஆறு பேரும் இருப்பார்கள். நடக்காவிட்டால் வாப்பாவின் பிரஸ் நிறுத்து விற்கப்படும். இதை அவர் என்னிடம் ஒரு முறைதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த ஓடருக்கான தொகுதியைக் கழுவுகிற அன்று இரத்மலானையில் தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லாததால் பம்பு ஓடவில்லை. இரண்டு தண்ணீர் கழுவி முடித்தபோது நிலந்தி தண்ணீர்த் தாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வதுர நெ, மிஸ்" என்றாள். தண்ணீர் இல்லை என்று அவள் தமிழிலும் சொல்லக்கூடியவள். கவலை வந்தால் சிங்களம் வந்துவிடும்.

அதே நேரம் நானாவின் அழைப்பு. "மிஸ், பசை நாளைக்கி வருந்தானே? புள்ளையள் பிரஸ்ஸத் தொடச்சி வெச்சிட்டு காத்துக்கிட்டு ஈக்கிறானுகள்."

"வரும் நானா" என்றேன்.

சொல்லிவிட்டு, அமிலத்துக்கு நிறம் மாறுகிற சோதனைத் தாளைச் சேற்றில் வைத்துப் பார்த்தேன். தாள் சிவந்தது. அமிலம் இன்னும் இருக்கிறது. இன்னும் மூன்று தண்ணீர் வேண்டும், ஒரு வாளி கூட இல்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் வரக்கூடிய யோசனைதான்: அமிலத்துக்குச் சோடா. ஒரு கோப்பை சோடாவைக் கரைத்து ஊற்றிக் கலக்கினேன். தாளை மறுபடி வைத்தேன். பச்சையாக வந்தது.

அமிலம் எங்கும் போகவில்லை. உப்பாக மாறி உள்ளேயே இருந்துவிட்டது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்று நான் தாளிடம் அமிலம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன், அது இல்லை என்று மட்டும் சொன்னது. எனக்குத் தேவையான பதில் கிடைத்த பிறகு வேறு கேள்வி கேட்க நான் விரும்பவில்லை.

நிலந்தி பக்கத்தில் நின்றாள். "மிஸ், அஞ்சு தண்ணி?"

"பேப்பர் சரி. நீரே பாரும்."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டை எடுத்து எதையோ எழுதினாள். உலைக்கு மின்சாரம் இல்லை, கிண்ணத்தில் எரித்துப் பார்க்க வழியில்லை. மின்சாரம் வந்த பிறகு பார்ப்போம், பசையைக் காய்ச்சுவோம் என்று நான் சொன்னேன். விறகு அடுப்பில் காய்ச்சினோம். மறுநாள் பீப்பாய்கள் கொட்டாஞ்சேனைக்குப் போயின. திங்கட்கிழமை பின்னேரம் நானா தொலைபேசியில் சொன்னார்: "உளி வெச்சிப் பாத்த மிஸ். மரந்தான் பிஞ்சிச்சி, பசை அசையல்ல." உலர்ந்த பலகையில் உளி வைத்தால் அப்படித்தான் இருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. சந்தோஷம் நானா என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை என் மேசையில் நிலந்தியின் கிண்ணம் இருந்தது. மேலே ஒரு மூடி. அவள் ஆளைக் காணவில்லை. மூடியைத் திறந்தேன். கோயிலில் தருகிற திருநீறு போல, வெள்ளை வெளேரென்று உப்பு கிண்ணத்தின் அடியை மூடியிருந்தது.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு மூடியை மூடினேன், ஏதோ மூடினால் இல்லையென்று ஆகிவிடும் என்பது போல. நிலந்தி கதவடியில் நிற்பது அப்போதுதான் தெரிந்தது.

"அண்டைக்கே ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவள் நிலத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "நான் சொன்னா மிஸ்ஸுக்குக் கோபம் வரும். கிண்ணம் சொன்னா கோபம் வராது."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை நான் ஒரு பெருமையாகவும் வைத்திருந்தேன். அன்று அந்த இடத்திலேயே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளைகளே, நீங்களும் ஒருநாள் மேலே வருவீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர் பிழையைச் சொல்ல ஒரு கிண்ணத்தைத் தேடுகிற நிலையில் அவரை வைத்துவிடாதீர்கள்.

பணிப்பாளரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கிண்ணத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "உப்பு இருக்கிறது, சரி. பலகை கழலும் என்று எப்படித் தெரியும்? ஒரு துண்டை எடுத்து மூன்று நாள் அவித்துப் பாருங்கள். ஆதாரம் இல்லாமல் ஒரு மனிதனின் ஓடரைக் கெடுக்கிறதா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவிக்க எரிவாயு இல்லை. இருந்தாலும் மூன்று நாள் வேண்டும், பலகைகளோ அன்று பின்னேரம் இரண்டு மணிக்கு லொறியில் ஏறுகின்றன. ஆதாரம் வரட்டும் என்று நான் காத்திருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அது விஞ்ஞானம் போலத்தான் தெரியும். எனக்கு மட்டும் அது பயம் என்று தெரியும். பலகை சரியாக இருக்குமா இருக்காதா என்று எனக்கு உண்மையில் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியாது என்பதை நானாவும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? தெரியாததை நல்லது என்று விற்றுவிட்டு நான் எப்படி ரயிலில் உட்கார்ந்து வீட்டுக்குப் போவேன்?

கிண்ணத்தைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். செவ்வாய்க்கிழமைப் பூசை நாளாதலால் கொச்சிக்கடைத் தேவாலயத்தடியில் சனம் நிறைந்து பஸ் நகரவில்லை. மெழுகுதிரி வாங்கிக்கொண்டு போகிறவர்களை யன்னலால் பார்த்தபடி, என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. இறங்கி நடந்தேன்.

பட்டறையில் பலகைகள் என் தோளளவுக்கு அடுக்கியிருந்தன. ஆறு பேரும் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். லொறியோடு கட்டடத்துக்குப் போய் இறக்கிக் கொடுக்கப் போகிறார்களாம். நானா என்னைக் கண்டதும் மலர்ந்து போனார். "வாங்க மிஸ், நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ரியாஸ், மிஸ்ஸுக்கு இஞ்சி ப்ளேன்டீ ஒண்டு." ரியாஸ் அவர்களில் இளையவன், கலியாணம் முடித்துச் சில மாதம்தான். ஓடிப்போய்த் தேநீர் கொண்டு வந்தான்.

நான் அதைக் குடிக்காமல் கிண்ணத்தை எடுத்துத் திறந்து காட்டினேன். தண்ணீர் நின்றது, இரண்டு தண்ணீர்தான் கழுவியது, சோடா ஊற்றியது எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் நின்றதைக் காரணமாகச் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். சொல்லிவிட்டேன். மனிசப் புத்தி.

"இந்தப் பலகை ஈரம் பட்டா விடும் எண்டு நினைக்கிறன் நானா. நிச்சயமாத் தெரியாது. ஆனா நான் இதுக்குப் பொறுப்பெடுக்க மாட்டன்."

நானா ஒரு ஓரத் துண்டை எடுத்து, தேநீர் கொதிக்கிற கேத்தலுக்குள் போட்டார். ஒரு மணித்தியாலம் எல்லோரும் அந்தக் கேத்தலைச் சுற்றி நின்றோம். எடுத்து உளியால் நெம்பினார். விடவில்லை. திருப்பி நெம்பினார். அப்போதும் விடவில்லை.

"ஒட்டித்தானே ஈக்கி, மிஸ்" என்றார். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

நான் அந்தத் துண்டைப் பார்த்தேன். ஓம் நானா, நான்தான் வீணாகப் பயந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. ஆறு பேரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பாரமான நிமிடம் வேறு இல்லை.

"ஒரு மணித்தியாலம் காணாது நானா. நான் உங்களுக்குச் சொன்னது மூண்டு நாள்."

அவர் உளியைக் கீழே வைத்தார். "நீங்க செல்லாட்டி எனக்குத் தெரிஞ்சீக்குமா?"

"இப்ப தெரிஞ்சிருக்காது. பிறகு அந்த வீட்டு ஆக்களுக்குத் தெரியும்."

கொஞ்ச நேரம் பிரஸ்ஸில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தொலைபேசியை எடுத்து, கட்டடக்காரரோடு சிங்களத்தில் கதைத்தார். என் பெயரைச் சொல்லவில்லை, என் ஆய்வுகூடத்தைச் சொல்லவில்லை. என்னுடைய பலகையில் எனக்குத் திருப்தியில்லை, தரமாட்டேன் என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் சத்தம் போட்டது எங்களுக்கும் கேட்டது. ஓடரில் பாதியை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மீதிப் பாதிக்கு ஒரு கிழமை தந்தார்கள்.

"மிஸ், மறுபடி கழுவ என்ன வேணும்?"

"தண்ணி" என்றேன். அழுதுவிட்டேன். அறுபதை நெருங்குகிற ஒருத்தி, ஏழு ஆம்பிளைகளுக்கு முன்னால்.

அவர்களுடைய பள்ளிவாசலில் ஒரு கிணறு இருந்தது. மறுநாள் காலை, பலகை ஏற்றவென்று பேசியிருந்த அதே லொறி, தண்ணீர்ப் பீப்பாய்களோடு இரத்மலானைக்கு வந்தது. ஆறு பேரும் வந்தார்கள். புதிய தொகுதியை அவர்கள்தான் வாளி வாளியாக ஊற்றிக் கழுவினார்கள். ஒவ்வொரு தண்ணீருக்கும் நிலந்தி முன்னால் நின்று சத்தமாக எண்ணினாள், அவர்கள் பின்னால் சொன்னார்கள். "அஞ்சு" என்று கத்தியது பக்கத்துத் தொழிற்சாலைக்கும் கேட்டிருக்கும். அன்று மின்சாரம் இருந்தது. கிண்ணம் உலையிலிருந்து வந்து ஆறும்வரை எல்லோரும் காத்திருந்து, ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கறை மட்டும்தான் இருந்தது.

பிரஸ் பிழைத்தது. ஆனால் பாதி ஓடருக்கு ஆறு பேரை வைத்திருக்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்குள் இரண்டு பேர் கட்டாருக்குப் போனார்கள். அதில் ஒருவன் ரியாஸ். மற்றவன் எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனான். ரியாஸ் சொல்லவில்லை. அவன் மேல் எனக்குக் குறையில்லை. பிள்ளை பிறக்க இருந்த நேரம் மனைவியை விட்டுவிட்டுப் போனவன், எனக்கு என்ன சொல்வான்?

பிழையான பலகைகளை நானா தன் வீட்டுக்கே கொண்டு போய், அலுமாரிக்கு முதுகுப் பலகையாக அடித்தார். ஒரு துண்டு தாருங்கள், எரிவாயு வந்ததும் மூன்று நாள் அவித்துப் பார்க்கிறேன் என்று கேட்டேன். தரவில்லை.

"வேணாம் மிஸ். ஒட்டி ஈந்தா எனக்குக் கவல. கழண்டா உங்களுக்குக் கவல. ரெண்டும் வேணாம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வட்டிலாப்பம் கொண்டு வருவார். கொடுக்கும்போது, "அலுமாரி இன்னும் ஒட்டித்தான் ஈக்கி மிஸ்" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். காய்ந்த அறைக்குள் நிற்கிற அலுமாரி ஒட்டித்தான் இருக்கும், அதில் ஒரு ஆதாரமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் ஒன்று குத்தும். நல்ல பலகையை வீணாக்கினேனா? இரண்டு குடும்பங்களைச் சும்மா பிரித்துவிட்டேனா? சரியென்று நினைத்ததைச் செய்தால் மனம் நிம்மதியாக இருக்கும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். இருக்கவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த பிறகும் இருக்கவில்லை.

நேற்று காலை நானா தொலைபேசி எடுத்தார்.

"மிஸ், அலுமாரி கழண்டிட்டு."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. மகளின் வீட்டில் நான்கைந்து நாள் தங்கப் போயிருந்தாராம். மழைக்குக் கூரையில் ஒழுக்கு. சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கி அலுமாரியின் முதுகில் ஊறியிருக்கிறது. வந்து பார்த்தால் பலகை தாள் தாளாகப் பிரிந்து நிலத்தில் கிடக்கிறதாம்.

"பக்கத்துல நிண்ட மத்த அலுமாரிக்கு அஞ்சு தண்ணிப் பலகை அடிச்ச நான். அதுவும் நல்லா நனைஞ்சீக்கி மிஸ். உளி வெச்சிப் பாத்த. மரந்தான் பிஞ்சிச்சி."

"கவலையா நானா?" என்று கேட்டேன்.

"கவலையா? இத்தின வருசமா அந்த ரெண்டு புள்ளையளையும் நான் சும்மா அனுப்பிட்டேனோ எண்டு..." அவர் நிறுத்தினார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இண்டைக்குத்தான் மிஸ் எனக்கு நிம்மதி."

எனக்குத்தான் அந்தக் குத்தல் இருந்தது என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கும் இருந்திருக்கிறது. வட்டிலாப்பத்தோடு வந்து சிரித்த ஒவ்வொரு வருடமும் இருந்திருக்கிறது.

பிறகு அவர் வியாபாரக் குரலுக்கு வந்தார். அலுமாரிக்குப் புதுப் பலகை அமுக்க வேண்டும், கொஞ்சம் பசை வேண்டும், திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றார். யார் வருவது என்று கேட்டேன். ரியாஸ்தான். கட்டாரிலிருந்து போன மாதம் வந்துவிட்டானாம். மறுபடி பிரஸ்ஸில் நிற்கிறானாம்.

உதவி இதுதான். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு சின்னத் தொகுதி செய்து வையுங்கள். ஐந்து தண்ணீரும் கழுவுங்கள், நிலந்தியை எண்ணச் சொல்லுங்கள். நானும் அன்று காலை ரயிலில் வருகிறேன். அந்தப் பக்கம் போக எனக்கு இருக்க இடம் கிடைக்கும். ஒரு கரண்டித் தூளைக் கிண்ணத்தில் எரித்து என் பழைய மேசையில் வையுங்கள். ரியாஸ் வந்து பார்க்கும்வரை அதைக் கழுவ வேண்டாம்.